பகலில் நின்ற கால், இரவில் தடிக்கும் தோல்

ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவர்களில் சிலருக்கு, வீடு திரும்பிப் படுத்த பிறகு உள்ளங்கால் தடித்து எரியும். எழுந்து நடந்தால் கூழாங்கல்லை மிதித்ததுபோல் வலிக்கும். பழி பெரும்பாலும் ராத்திரி சாப்பிட்ட கத்தரிக்காய் மேலோ கருவாடு மேலோ விழும். ஆனால் காரணம் மதியமே நடந்து முடிந்திருக்கலாம்.

தோலில் திடீரென்று தடிப்பு கிளம்புவதைக் காணாக்கடி என்கிறோம்; மருத்துவத்தில் அர்ட்டிகேரியா. இதில் பல வகை உண்டு. நீண்ட நேர அழுத்தத்தால் வருவதும் ஒன்று; நின்ற காலில் வரும் தடிப்பு அதுவாக இருக்கலாம். எல்லாவற்றிலும் முக்கியப் பங்கு மாஸ்ட் செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்களுக்குத்தான். ஜெர்மானிய மருத்துவர் பால் எர்லிக் 1878-இல் விவரித்த இந்தச் செல்கள் தோலின் உள்ளடுக்கில் ரத்தக் குழாய்களை ஒட்டி இருக்கின்றன. தூண்டப்பட்டால் தமக்குள் வைத்திருக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை நிமிடங்களில் கொட்டிவிடும். உடனே நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிந்து, சுவர் வழியே நீர் கசியும். அதுதான் மேலே தடிப்பாகத் தெரிகிறது. ஹிஸ்டமின் நரம்பு முனைகளையும் சீண்டுவதால் அரிப்பு. கசிந்த நீரை உடம்பு திரும்ப எடுத்துக்கொள்வதால், சாதாரணத் தடிப்பு 24 மணி நேரத்துக்குள் தடமில்லாமல் மறைந்து, வேறோர் இடத்தில் புதிதாகக் கிளம்பும்.

உள்ளங்காலில் கதை கொஞ்சம் வேறு. அங்கே தோல் தடிமன் என்பதால் வீக்கம் ஆழத்தில் நிற்கும். சிவப்பு தெரியாது. அரிப்பைவிட வலியும் எரிச்சலுமே அதிகம். நீண்ட நேர அழுத்தத்தால் வரும் வகையில் தடிப்பு உடனே வராது. பெரும்பாலும் 4 முதல் 6 மணி நேரம், சிலருக்கு 12 மணி நேரம்கூட ஆகும். வந்தால் 72 மணி நேரம் வரை நீடிக்கலாம். மாஸ்ட் செல்களைத் தொடர்ந்து ரத்தத்திலிருந்து அழற்சிச் செல்களும் அந்த இடத்துக்கு வந்து சேர்கின்றன. அதற்கு நேரம் பிடிக்கும். இதை உறுதிசெய்ய, சுமார் 7 கிலோ எடையைப் பட்டையில் கட்டித் தோளில் 15 நிமிடம் தொங்கவிட்டு, 6 மணி நேரம் கழித்துத் தோலைப் பார்ப்பது ஒரு முறை.

காலில் வருவதெல்லாம் காணாக்கடி அல்ல. செருப்பு வாரின் வடிவத்திலேயே செதில் உரிந்து நாள்கணக்கில் நிற்பது ரப்பர், தோல் அல்லது பசையால் வந்த ஒவ்வாமையாக இருக்கலாம். விரலிடுக்கில் வெளுத்து அரிப்பது சேற்றுப்புண். தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு மறுநாள் பாருங்கள். இடம் மாறியிருந்தால் காணாக்கடிதான்; அழுத்த வகை மட்டும் 72 மணி நேரம் வரை அதே இடத்தில் நிற்கலாம். நகராமல் நின்று, மறையும்போது கன்றிய தடம் விட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அழுத்தத்தைக் குறைப்பதே முதல் வைத்தியம். உடல் எடை அதேதான். அகலமான, மெத்தென்ற அடிப்பாகம் கொண்ட செருப்பு அதைப் பரப்பித் தாங்கும். இறுக்கமான ஷூவும் சாக்ஸும் வேண்டாம். இடையிடையே உட்கார வேண்டும். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழக அரசு 2021-இல் சட்டத் திருத்தமே கொண்டுவந்தது. அந்த இருக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

மருந்தில், ஹிஸ்டமினின் வேலையைத் தடுக்கும் செட்ரிசின், ஃபெக்ஸோஃபெனடின் போன்றவை முதலில் வரும். அரிக்கும்போது மட்டும் போடாமல், மருத்துவர் சொன்ன காலம் வரை தினமும் போட்டால்தான் பலன் தெரியும். அழுத்த வகைக்கு இவை மட்டும் போதாமல் போவதுண்டு. அப்போது மருத்துவர் அளவைக் கூட்டுவார், தேவைப்பட்டால் ஒமலிசுமாப் ஊசி வரை போவார். நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள். கால் வலிக்கிறதே என்று மருந்துக்கடையில் ஆஸ்பிரினோ இபுப்ரூஃபனோ வாங்கிப் போடுவது இன்னும் மோசம்; காணாக்கடி உள்ளவர்களில் பலருக்கு இந்த மாத்திரைகளே தடிப்பைக் கிளப்பிவிடும்.

ஆறு வாரத்துக்கு மேல் நீடிக்கும் காணாக்கடிக்கு உணவு ஒவ்வாமை காரணமாவது அரிது. நூறு பொருள்களுக்கான ஒவ்வாமைப் பரிசோதனைக்குப் பணம் கட்டும் முன், எத்தனை மணி நேரம் நின்றீர்கள், எப்போது தடித்தது என்று ஒரு வாரம் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். தடிப்போடு உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சு திணறினால், தலை சுற்றினால் மட்டும் காத்திருக்கக் கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள்.