பருப்பும் ஓடும்: கேர்னலைத் தமிழில் எப்படிச் சொல்வது?

வெள்ளவத்தையில் ஒரு மாலை நேரக் கணினி வகுப்புக்கு உதவியாகப் போயிருந்தேன். வந்தவர்களில் பாதிப்பேர் பழைய மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதி இந்தக் கணினிகளில் இல்லை. புதிது வாங்க இப்போதைய விலையில் முடியாது. ஆகவே லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ள வந்திருந்தார்கள். நல்ல முடிவு.

சிக்கல் கையில் கொடுத்த தமிழ்க் குறிப்பில் இருந்தது. முதல் பக்கத்திலேயே, “கருனி வன்பொருளை முகாமை செய்கிறது. பயனர் உறையினூடாகக் கருனியை அணுகுகிறார்” என்று அச்சடித்திருந்தார்கள். ஒரு பிள்ளை எழும்பி, “சேர், கருனி எண்டால் என்ன?” என்று கேட்டாள். படிப்பித்தவர் “கேர்னல்” என்றார். இயங்குதளத்தின் உட்பகுதிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அது. “ஆமியில இருக்கிற கேணலா?” என்று அவள் திருப்பிக் கேட்டாள். பகிடிக்குக் கேட்கவில்லை. இராணுவப் பதவிக்கும் இந்தச் சொல்லுக்கும் ஆங்கிலத்திலேயே ஒரே உச்சரிப்புத்தான். நம்முடைய பத்திரிகைகளில் ‘கேணல்’ என்ற சொல்லை வாசித்தே வளர்ந்த பிள்ளைக்கு வேறு என்ன தோன்றும்?

கருனியை இணையத்திலும் மொழிபெயர்ப்புக் கையேடுகளிலும் ஆண்டுக்கணக்காகப் பார்த்து வருகிறேன். அன்றைக்குத்தான் இதைப் பற்றி எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

சொல்லின் பிறப்பு எளியது. ‘கோர்ன்’ என்றால் ஆங்கிலத்தில் தானியம், விதை. அதன் சிறுமை வடிவமாகப் பழைய ஆங்கிலத்தில் தோன்றியதுதான் கேர்னல், அதாவது சிறு விதை. பிறகு கொட்டையை உடைத்தால் உள்ளே கிடைக்கும் பருப்புக்கு அது பெயராயிற்று. கணினிக்காரர்கள் அதை இயங்குதளத்தின் உட்பகுதிக்கு எடுத்துக்கொண்டார்கள். (நம்முடைய பாடநூல்கள் இயங்குதளத்தைப் பணிசெயல் முறைமை என்கின்றன. அது வேறு சண்டை, இன்று வேண்டாம்.) நினைவகத்தைப் பங்கிடுவது, எந்த நிரல் எப்போது ஓடவேண்டும் என்று முடிவெடுப்பது, வட்டோடும் வைஃபையோடும் விசைப்பலகையோடும் பேசுவது எல்லாம் அதன் வேலை. நாம் அதை நேரே தொடுவதில்லை. நாம் தட்டும் கட்டளையை வாங்கி வேலையைச் செய்விப்பது ஷெல். அந்தப் பெயரை 1960களின் நடுவில், மல்டிக்ஸ் என்ற பழைய இயங்குதளம் உருவான காலத்தில், லூயி பூசான் என்ற பிரெஞ்சுக்காரர் வைத்தார். ஷெல் என்றால் ஓடு.

ஓடும் பருப்பும். ஒரே கொட்டையின் இரண்டு பாகங்கள். நான் சொல்ல வருவது முழுவதும் இதற்குள் இருக்கிறது: இவை இரண்டு சொற்கள் அல்ல, ஒரே படம். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஓகஸ்ட் 25இல் தன்னுடைய கேர்னலைப் பற்றி முதன்முதலில் அறிவித்தபோது, அதில் இயங்குவதாகச் சொன்ன இரண்டு நிரல்களில் ஒன்று பாஷ் 1.08. பாஷ் ஒரு ஷெல். பருப்பு முளைத்த நாளிலேயே ஓடும் கூட இருந்தது. தமிழாக்கியவர்கள் ஒன்றைக் கருனி ஆக்கினார்கள், மற்றதை உறை ஆக்கினார்கள். கருனிக்கும் உறைக்கும் என்ன உறவு?

முதலில் கருனியையே எடுத்துக்கொள்வோம். கணினி, செயலி, உலாவி என்ற வரிசையில் இதையும் செய்திருக்கிறார்கள். ஆனால் கணிப்பது கணினி, உலாவுவது உலாவி என்று அந்தச் சொற்கள் தங்கள் வேலையைத் தாங்களே சொல்கின்றன. கருனி என்ன செய்கிறது? ‘கருத்தல்’ என்றால் கறுப்பாதல். அது பொருந்தாது. கரு என்ற பெயர்ச்சொல்லின் வாலில் ‘னி’யை ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஏன் ஒட்டினார்கள் என்று யோசித்தால் ஒரு விடைதான் வருகிறது: கேர்னல் என்ற ஒலிக்குக் கிட்ட வரவேண்டும். ஒலியும் பொருளும் சேர்ந்து வந்தால் அது அழகான சொல்லாக்கம், மறுக்கவில்லை. இங்கே ஒலி மட்டும் வந்திருக்கிறது. ஆங்கிலம் தெரிந்தவருக்கு அது கேர்னலை நினைவூட்டும், அவருக்கு அந்த உதவி தேவையில்லை. ஆங்கிலம் தெரியாதவருக்கு அது எதையும் நினைவூட்டாது, உதவி தேவைப்படுவதோ அவருக்குத்தான். அன்று வகுப்பில் குறிப்பெழுதிய நால்வரின் கொப்பியைப் பார்த்தேன். கருனி, கருணி, கர்னி என்று மூன்று விதமாக இருந்தது. பொருள் தெரியாத சொல்லை எழுத்துப் பிழையில்லாமல் எழுதுவது கடினம்.

“புதுப் பொருளுக்குப் புதுச் சொல் வேண்டும், பழைய சொல்லைப் போட்டால் குழப்பம் வரும்” என்று கருனிக்காரர்கள் சொல்வார்கள். இந்த வாதத்தைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. ஆங்கிலக்காரர்கள் புதுச் சொல் செய்யவில்லையே. சமையலறையில் கிடந்த சொல்லை எடுத்துக் கணினிக்குள் வைத்தார்கள். பருப்பு, ஓடு, எலி, சன்னல் என்று வீட்டுச் சாமான்களாகவே வைத்தார்கள். அவர்களுக்கு அது வெட்கமாக இல்லை. நமக்கு மட்டும் வீட்டுச் சொல் என்றால் தரக்குறைவாகத் தெரிகிறது. அறிவியல் என்றால் விளங்காமல் இருக்கவேண்டும் என்று எங்கோ ஓர் எண்ணம் பதிந்துவிட்டது.

2004 சுனாமிக்குப் பிறகு கொழும்பில் தன்னார்வலர்கள் சேர்ந்து அனர்த்த முகாமைத்துவத்துக்கென ஒரு திறந்த மூல மென்பொருளை எழுதினார்கள். அதன் பெயர் சஹானா. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். நிவாரணத்துக்கு நிவாரணம் என்றே பெயர் வைத்தார்கள், அந்தப் பெயரோடேயே அது உலகம் சுற்றியது. வீட்டுச் சொல்லால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

மொழிபெயர்ப்பாளர்களை மட்டும் குறை சொல்வதும் சரியில்லை. மென்பொருள் மொழிபெயர்ப்பு நடக்கும் விதமே படத்தை உடைக்கும் விதம். இடைமுகத்தின் வாசகங்கள் வரி வரியாகப் பிரிக்கப்பட்டு வரும். மேலே ஆங்கில வரி, கீழே வெற்றிடம். நிரப்பு, அடுத்ததுக்குப் போ. கேர்னல் ஒரு கோப்பில், ஷெல் வேறொரு கோப்பில், இரண்டையும் மொழிபெயர்ப்பது வேறு வேறு ஆட்கள். சொற்பட்டியல்களும் அகர வரிசையில்தான் இருக்கின்றன, ஆகவே அங்கேயும் இந்த இரண்டும் சந்திப்பதில்லை. ஆனாலும் ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். லினக்ஸ் கணினியை ஒரு மாதமாவது பாவித்த ஒருவர் ஷெல்லுக்கு ‘உறை’ என்று எழுதமாட்டார். கடித உறை, தலையணை உறை என்று நமக்கு உறை துணியும் கடதாசியும். “ஷெல்லையும் கழற்றி மாற்றலாமே, பாஷை விட்டு வேறொன்றைப் போடலாமே, அப்போ உறை சரிதானே” என்று ஒரு நண்பர் சொன்னார். நியாயமான கேள்வி. ஆனால் உறை என்றதும் உள்ளே கடிதம் நினைவுக்கு வரும், தலையணை வரும், பருப்பு வராது. சோடி போய்விட்டது.

சரி, ‘னி’யை வெட்டிவிட்டுக் கரு என்றே வைத்தால் என்ன? நானும் நீண்ட நாள் அந்தப் பக்கம்தான் இருந்தேன். நம்முடைய உயிரியல் பாடத்தில் கலத்தின் நடுவில் இருப்பது கரு. அணுவுக்கும் கரு. இலத்தீனில் நியூக்கிளியஸ் என்பதும் கொட்டையின் பருப்புத்தான், ஆகவே மூலத்திலேயே உறவு இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. முட்டையில் ஓடும் இருக்கிறது, கருவும் இருக்கிறது. கொட்டைக்குப் பதில் முட்டை, சோடி குலையவில்லை. நல்ல தமிழ்ப் படம்.

என்னை நிறுத்தியது கேர்னல் பழுதாகும் இடம். அது நிலைகுலைந்தால் லினக்ஸ் ‘கேர்னல் பானிக்’ என்று எழுதிவிட்டு அப்படியே நின்றுவிடும். கருவை வைத்து அதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். கரு கலைந்தது, கருச்சிதைவு என்று வாய் தானாகவே அங்கே போகிறது. பிள்ளையை இழந்த ஒரு தாய் தன் கணினித் திரையில் அந்தச் சொல்லைப் பார்க்கவேண்டுமா? கவனமாக வேறு வினையைப் போடலாம் என்றால், எல்லா மொழிபெயர்ப்பாளரும் எப்போதும் கவனமாக இருப்பார்கள் என்று யார் பொறுப்பு? கருவை அன்றோடு விட்டுவிட்டேன்.

தூய தமிழ் அன்பர்கள் ‘காழ்’ என்பார்கள். அது உண்மையிலேயே அருமையான சொல். மரத்தின் கெட்டியான பகுதி, அதாவது வைரம், என்று பொருள். புறத்தே வைரம் உள்ளதைப் புல் என்றும் அகத்தே வைரம் உள்ளதை மரம் என்றும் தொல்காப்பியம் பிரிக்கும்போது, புறக்காழ், அகக்காழ் என்றுதான் சொல்கிறது. பனையும் தென்னையும் அந்தக் கணக்கில் புல். காழுக்கு விதை என்ற பொருளும் உண்டு. ஆனால் இன்று அதைச் சொன்னால் யாருக்கு விளங்கும்? தொடர்களில் சேர்த்தால் இன்னும் மோசம். ‘காழ்ப் பதிப்பு’ என்று எழுதினால் காழ்ப்புணர்ச்சிதான் கண்ணில் படும். மனமில்லாமல்தான் இதையும் கைவிடுகிறேன்.

மீதி பருப்பு. கொட்டங்காயைக் கல்லில் வைத்து உடைத்துத் தின்ற எந்தப் பிள்ளைக்கும் ஓடு எது, பருப்பு எது என்று சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பருப்பு என்றால் மைசூர்ப் பருப்பு, சோற்றுக்கு ஊற்றும் கறி என்று சிரிப்பார்கள், ‘உன் பருப்பு இங்கே வேகாது’ என்றும் சொல்வார்கள். சிரிக்கட்டும். லினக்ஸ் என்ற பெயரே கறாராகப் பார்த்தால் இந்தப் பருப்புக்கு மட்டும் உரியது. சுற்றியுள்ள பல கருவிகள் 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்திலிருந்து வந்தவை. உங்கள் கையில் இருக்கும் அண்ட்ராய்ட் பேசிக்குள்ளும் இதே பருப்புத்தான், மேலே வேறு சதை. இதைக் கருனியை வைத்து விளக்கிப் பாருங்கள், பருப்பை வைத்தும் விளக்கிப் பாருங்கள்.

ஓட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்கவில்லை. இரண்டாம் வேற்றுமையில் ஓடு ‘ஓட்டை’ ஆகிவிடும். “ஓட்டைத் திற” என்றால் துளை ஒன்று நினைவுக்கு வரும். 2014இல் பாஷில் உண்மையாகவே ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது, ‘ஷெல்ஷொக்’ என்று அதற்குப் பெயர். அந்தச் செய்தியைத் தமிழில் எழுதும்போது எந்த ஓட்டை எது என்று வாசகர் திண்டாடுவார். இதற்கு இலக்கணத்திலேயே வழி உண்டு. ‘ஓட்டினை’ என்று எழுதினால் முடிந்தது. ஓட்டில், ஓட்டுக்கு, ஓட்டின் என்ற மற்ற வடிவங்களில் பிழையே வராது.

வகுப்பு முடிந்து சில நாள் கழித்து அந்தப் பிள்ளை கொட்டாஞ்சேனையிலிருந்து அழைத்தாள். மின்ட் இற்றைப்படுத்தல்களைப் போட்டு மறுபடி தொடங்கியதும் வைஃபை காணாமல் போய்விட்டதாம். புதிய கேர்னல் வந்து இறங்கியிருக்கும் என்று விளங்கிற்று. பழையதை மின்ட் உடனே அழித்துவிடாது, பக்கத்திலேயே வைத்திருக்கும்.

“கணினி தொடங்கும்போது ஷிஃப்டை அமத்திப் பிடியுங்கோ பிள்ளை. ஒரு பட்டியல் வரும். இரண்டாவது வரிக்குள்ள போனால் இலக்கம் போட்டுப் பருப்புகள் வரிசையா இருக்கும். மேலே இருக்கிறது புதுசு. அதுக்குக் கீழே இருக்கிற பழைய பருப்பை எடுங்கோ.”

“அப்போ என்ர கோப்பெல்லாம் போயிடுமா சேர்?”

“இல்லை. ஓடு அதேதான், கோப்பும் அதேதான். பருப்பு மட்டும் பழசு.”

கொஞ்ச நேரம் விசை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, வைஃபை வந்துவிட்டது என்றாள். ஓடிக்கொண்டிருக்கும் பருப்பின் இலக்கத்தைக் காட்டும் ‘யூநேம் -ஆர்’ கட்டளையைத் தட்டி அதை வாசிக்கச் சொன்னேன். பழைய பருப்புத்தான்.