காய்ச்சலும் பாய்ச்சலும்: எறும்புக்கு வீடு கட்டும் கணக்கு

ஒரு டெஸ்ட் டியூப், இரண்டு உருண்டை பஞ்சு, கொஞ்சம் தண்ணீர். வீட்டில் வளர்க்கும் எறும்புக் குடும்பத்தின் முதல் வீட்டுக்கு இது போதும். ஆயிரக்கணக்கில் விலை போட்டு விற்கும் அக்ரிலிக் மாளிகைகளைப் பார்த்து வாய் பிளந்தவர்கள் இதை நம்புவதில்லை. ஆனால் எறும்புக்கு வேண்டியது இருட்டு, ஈரம், நெருக்கம். மூன்றுமே மலிவானவை.

குழாயில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, அதைத் தொடும்வரை பஞ்சை உள்ளே தள்ள வேண்டும். பஞ்சின் இந்தப் பக்கம் ஈரமாக இருக்கலாம், சொட்டக் கூடாது. ராணியை விட்டு, வாயை இன்னொரு பஞ்சால் அடைத்து, கறுப்புத் துணி சுற்றி அலமாரியில் வைத்துவிடலாம்.

ராணிக்கு எங்கே போவது? மழை ஓய்ந்த மாலையில் இறக்கை உதிர்ந்து தரையில் அலைபவளைப் பார்த்துப் பிடிக்க வேண்டும். விளக்கைச் சுற்றும் ஈசலைப் பிடித்துவிடாதீர்கள். அது கரையான் இனம். ஈசலுக்கு நான்கு இறக்கையும் ஒரே நீளம், இடுப்பு என்று ஒன்று தெரியாது. எறும்பு ராணிக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு முழங்கை போல மடங்கியிருக்கும்.

நம் ஊர்க் கட்டெறும்பு ராணி என்றால் இன்னும் வசதி. முதல் வேலைக்காரிகள் வரும்வரை அவளுக்குச் சாப்பாடே வேண்டாம். இனிமேல் பறக்கப் போவதில்லை என்பதால், இறக்கையை அசைத்த தசைகளை உடம்பே கரைத்துக்கொள்கிறது. அந்தச் சத்தும் சேமித்த கொழுப்பும்தான் புழுக்களுக்கு ஊட்டப்படும் உணவு. நம் வேலை சும்மா இருப்பது. அதுதான் கஷ்டம். என் முதல் ராணியைத் தினமும் எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். நான்காம் நாள் முட்டைகளைக் காணோம். மிரண்ட ராணி தன் முட்டையைத் தானே தின்றுவிடும் என்று அப்புறம்தான் தெரிந்தது.

வேலைக்காரிகள் இருபது, முப்பது ஆனதும் அடுத்த வீடு. இதற்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் நல்லது. சார்லஸ் ஜானே என்ற பிரெஞ்சுக்காரர் 1890-களிலேயே இதில் எறும்புக் கூடு வார்த்தார். பிளாஸ்டர் கட்டியில் வரிசையாக அறைகள், ஒரு கோடியில் மட்டும் தண்ணீர்க் குழி. பிளாஸ்டர் முழுக்க நுண்துளை என்பதால் தண்ணீர் அதில் மெல்ல ஊறிப் பரவும். குழிக்குப் பக்கத்து அறை நசநசவென்று இருக்கும், தள்ளிப் போகப் போக உலர்ந்துவிடும். வயலைக் காயவிட்டு மறுபடி நீர் பாய்ச்சுவதை உழவர் காய்ச்சலும் பாய்ச்சலும் என்பார்கள். அது இங்கே ஒரே நேரத்தில், அடுத்தடுத்த அறையில் நடக்கிறது.

எறும்புகள் இதைப் பயன்படுத்தும் விதம்தான் அழகு. முட்டையும் இளம் புழுவும் சீக்கிரம் காய்ந்துபோகும். அவற்றை ஈர அறைக்குத் தூக்கிப் போகும். பட்டுக்கூட்டுக்குள் இருக்கும் கூட்டுப்புழுவுக்கு ஈரம் ஆகாது, பூசணம் பிடிக்கும். அவை உலர்ந்த அறையில் அடுக்கப்படும். குழியில் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுநாள் பாருங்கள், எல்லாம் ஓர் அறை தள்ளிப் போயிருக்கும்.

வார்ப்பது சுலபம். கண்ணாடித் துண்டின் மேல் அறை வேண்டிய இடங்களில் களிமண்ணைக் கட்டைவிரல் அளவுக்கு ஒட்டி, இடையில் திரி போல இணைத்து, சுற்றி அட்டையால் வரப்புக் கட்டிக்கொள்ளுங்கள். ஒரு பங்கு தண்ணீரில் இரண்டு பங்கு பிளாஸ்டர் தூளைத் தூவிக் கலக்கி ஊற்றினால் அரை மணி நேரத்தில் இறுகிவிடும். தூள் தண்ணீரோடு வினைபுரிந்து மறுபடி ஜிப்சம் ஆவதால் கட்டி கைக்குச் சுடும். கண்ணாடியைப் பிரித்து, களிமண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, பல நாள் உலர விட்டு, அதே கண்ணாடியால் மூட வேண்டும். இங்கே அவசரப்பட்டால் பூசணம்தான் முதலில் குடியேறும். தண்ணீர்க் குழிக்கும் முதல் அறைக்கும் இடையில் ஒரு விரல் கனமாவது சுவர் இருக்கட்டும். கட்டெறும்பின் தாடை ஈர பிளாஸ்டரைச் சுரண்டிவிடும்.

கண்ணாடியின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டினால், நமக்கு உள்ளே தெரியும், அவற்றுக்குக் கிட்டத்தட்ட இருட்டு. இதற்கான சோதனையைச் செய்தவர் இங்கிலாந்தின் ஜான் லப்பக். 1871-இல் வங்கி விடுமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. கிடைத்த விடுமுறையை எறும்புக்குச் செலவிட்டார் போல. கூட்டின் மேல் பல நிறக் கண்ணாடிகளை வைத்தபோது, எறும்புகள் ஊதாவை விட்டு விலகிச் சிவப்பின் அடியில் ஒதுங்கின. நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவும் அவற்றுக்குத் தெரிகிறது என்று கண்டுபிடித்தார். 1874-இல் அவரிடம் வந்த ஒரு ராணி 1888 வரை உயிரோடு இருந்தது.

தீனி வைக்க ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கூட்டோடு குழாயால் இணைத்தால் சரி. பெரியவர்களுக்குச் சர்க்கரைத் தண்ணீர், புழுக்களுக்குச் செத்த பூச்சி. டப்பாவின் மேல் விளிம்பில் உட்புறமாக முகப் பவுடரை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் குழைத்துப் பூசுங்கள் (அடுப்பு பக்கத்தில் வேண்டாம்). ஸ்பிரிட் ஆவியானதும் தூள் படலம் நிற்கும். எறும்பின் பாதத்தில் உள்ள மெத்தை வழவழப்பான கண்ணாடியிலும் ஒட்டும். ஆனால் இங்கே அது ஒட்டுவது சுவரில் அல்ல, தூளில். தூள் உதிரும்போது எறும்பும் சேர்ந்து உதிரும்.

குடியேற்ற, பழைய குழாயைப் புதுக் கூட்டோடு இணைத்து, குழாயின் கறுப்புத் துணியை மட்டும் எடுத்துவிடுங்கள். தட்டி உதறாதீர்கள். சில சமயம் ஒரே இரவில் புழுவும் முட்டையுமாக எல்லாம் இடம் மாறிவிடும். சில சமயம் வாரக்கணக்கில் அந்தப் பழைய டெஸ்ட் டியூபிலேயே நெருக்கியடித்துக் கிடக்கும். நீங்கள் பார்த்துப் பார்த்துக் கட்டிய மூன்று அறையும் குப்பை கொட்ட.