லுன்ஃபார்தோ: டாங்கோ கவிஞர்கள் எடுத்தாண்ட தெருமொழி

அர்ஜென்டினத் தலைநகர் புவெனஸ் ஐரிஸில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவான தெருப் பேச்சுக்கு 'லுன்ஃபார்தோ' என்று பெயர். இத்தாலியின் லொம்பார்தியா பகுதியினரைச் சுட்டும் 'லொம்பார்தோ' என்பதே இவ்வாறு திரிந்தது என்பர். வட்டிக்குப் பணம் கொடுத்த லொம்பார்தியர்மீது ஐரோப்பாவில் படிந்த வெறுப்பால் அச்சொல் இழிபொருள் பெற்றது. முதலில் திருடனையும் பின்னர்த் திருடர் பேச்சையும் குறித்த 'லுன்ஃபார்தோ', நாளடைவில் இத்தாலியக் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த ஏழைக் குடியிருப்புகளின் பேச்சுக்கே பெயராயிற்று. வேலையைக் குறிக்கும் 'லபூரோ' இத்தாலிய 'லவோரோ'விலிருந்து வந்தது.

அந்நகரின் ஆடலிசையான டாங்கோவின் பாட்டில் இப்பேச்சை ஏற்றியவர்களுள் முதன்மையானவர் பாஸ்குவால் கொந்தூர்ஸி. அவர் எழுதி, கார்லோஸ் கார்தெல் 1917இல் பாடிப் பதிவுசெய்த 'என் துயர இரவு' என்னும் பாடலின் முதலடியே, பிரிந்துபோன காதலியைப் 'பெர்காந்தா' என்று விளித்து, 'கைவிட்டாய்' என்பதற்கு 'அமுராஸ்தே' என்கிறது. இரண்டும் லுன்ஃபார்தோச் சொற்கள். என்ரிக்கே சாந்தோஸ் திஸ்செப்போலோ எழுதி 1930இல் வெளிவந்த 'யீரா, யீரா'வை இன்னும் உயர்ந்த சாதனையாகக் கருதுகிறேன். சுற்றுதலைக் குறிக்கும் இத்தாலிய 'ஜிராரே'யிலிருந்து வந்த அச்சொல், வயிற்றுப்பாட்டுக்காகத் தெருவில் அலையும் பாலியல் தொழிலாளியின் நடையைக் குறித்தது. எவர் துன்பத்தையும் பொருட்படுத்தாது சுழலும் உலகத்துக்கு அதை அவர் ஏற்றியபோது, செந்தரமான ஸ்பானியச் சொல் எதுவும் தர இயலாத கசப்பு பாட்டில் இறங்கியது.

1943இல் ஆட்சியைப் பிடித்த இராணுவ அரசு வானொலியில் இவ்வழக்கைக் கட்டுப்படுத்தியதால், பல பாடல்களின் வரிகள் மாற்றப்பட்டன. எனினும் டாங்கோ என்றாலே லுன்ஃபார்தோ என்று எண்ணுவது தவறு. ஓமேரோ மான்சி 1948இல் எழுதிய 'தெற்கு' பெரும்பாலும் பொதுமொழியிலேயே அமைந்தது.

தமிழில் லுன்ஃபார்தோவுக்குக் 'குழூஉக்குறி' என்று எழுதத் தோன்றும். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதுபோல், ஒரு குழுவினர் தமக்குள் வழங்கும் சொல்லையே இலக்கண நூலார் அப்பெயரால் குறித்தனர். ஆகவே திருடர் பேச்சு என்ற தொடக்கநிலைக்கு அது பொருந்தும். ஊரே பாடும் பாட்டின் மொழிக்கு அது பொருந்தாது. 'கொச்சை' என்பதோ இக்கவிஞர்களின் தேர்வைப் பிழையாக்கிவிடும். பாடல்களைப் பற்றி எழுதுகையில் 'நகர வழக்கு' என்பதே தக்கது. இதன் ஆய்வுக்கென 1962இல் புவெனஸ் ஐரிஸில் நிறுவப்பட்ட கழகத்தைச் சுட்டும்போது மட்டும் மூலப்பெயரை அப்படியே எழுதலாம்.