‘மன அழுத்தம்’ எதற்குப் பெயர்?

மருத்துவரைப் பார்க்கக் காத்திருந்தபோது ஒரு துண்டறிக்கை கையில் கிடைத்தது. முன்பக்கத்தில், ‘ஓரளவு மன அழுத்தம் நல்லது, செயலில் முனைப்பைத் தரும்’ என்றிருந்தது. திருப்பினேன். ‘மன அழுத்தம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவரை அணுகவும்.’ நல்லதா, ஆபத்தா? முன்பக்கம் பேசியது ஸ்ட்ரெஸ் பற்றி, பின்பக்கம் டிப்ரஷன் பற்றி. ஒரே தாளின் இரண்டு பக்கத்துக்குள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

டிப்ரஷனின் லத்தீன் வேருக்குக் ‘கீழே அமுக்குதல்’ என்று பொருள். அதைப் பார்த்துத்தான் அழுத்தத்தைப் பிடித்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. ஸ்ட்ரெஸ்ஸின் வேர் வேறு: இறுக்கிக் கட்டுவது, ஒடுக்குவது. வேர்க்கதை இவ்வளவு போதும்.

எனக்குள்ள முதல் புகார் அழுத்தம் என்ற சொல்லைப் பற்றியது. மனத்தோடு சேர்ந்தால் தமிழில் அதற்கு ஏற்கெனவே ஒரு பொருள் உண்டு. உள்ளே இருப்பதை வெளியே விடாதவனை ‘சரியான அழுத்தக்காரன்’ என்கிறோம். துணிந்து தப்பு செய்தவனிடம் ‘என்ன நெஞ்சழுத்தம் உனக்கு!’ என்கிறோம். எழுந்து பல் தேய்க்கவும் மனமில்லாமல் கிடக்கிறவருக்கு இந்தச் சொல்லை ஒட்டுவது கொடுமை. அவருக்கு வந்திருப்பது மனச்சோர்வு. சோர்வு என்றால் வெறும் களைப்புதானே என்று சிலர் இழுப்பார்கள். ஆனால் ‘சோர்ந்துபோயிட்டான்’ என்று சொல்லும்போது நாம் உடம்பை மட்டுமா சொல்கிறோம்?

இரண்டையும் குழப்புவதால் வெறும் சொல் மட்டும் கெடுவதில்லை. நேர்முகத்தேர்வுக்கு முன் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, தேர்வு முடிந்ததும் அடங்குகிறது. இது ஸ்ட்ரெஸ். டிப்ரஷனுக்குக் காரணம் வெளியே தெரிய வேண்டியதே இல்லை. பிடித்தது எதிலும் பிடிப்பு இருக்காது, தூக்கமும் பசியும் மாறும், வாரக்கணக்கில் நீளும். முதலாமவருக்கான ‘மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கள்’ என்ற அறிவுரையை இரண்டாமவர் படித்துவிட்டு, ‘இதுகூட என்னால் முடியவில்லையே’ என்று இன்னும் உள்ளே போவார். நாள்பட்ட ஸ்ட்ரெஸ் டிப்ரஷனில் கொண்டுவிடலாம் என்பது உண்மைதான். அதற்காகப் புகையையும் நெருப்பையும் ஒரே பெயரில் அழைப்பதில்லை.

சரி, ஸ்ட்ரெஸ்ஸுக்கு என்ன சொல்வது? தனித்தமிழ் நண்பர்கள் ‘உளத்தகைவு’ என்று அடித்துச் சொல்கிறார்கள். இயற்பியல் பாடநூலில் ஸ்ட்ரெஸ் தகைவு, இழுபட்ட பொருளில் வரும் உருமாற்றமான ஸ்ட்ரெயின் திரிபு. அதை அப்படியே மனத்துக்கும் கொண்டுவரலாமே என்பது வாதம். கம்பியை இழுக்கும்போது அதற்குள் எழும் எதிர்விசைக்குத் தகைவு அருமையான சொல், மறுக்கவில்லை. ஆனால் எந்த மனிதராவது ‘இன்னைக்கு ஒரே தகைவா இருக்கு’ என்று சொல்லிக் கேட்டதுண்டா? அவதிப்படுகிறவர் வாயில் நுழையாத சொல்லை அவதிக்குப் பெயராக வைத்து என்ன பயன்?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1936-இல் கனடாவின் மான்ட்ரியாலில் ஹான்ஸ் செலியே என்ற மருத்துவ ஆய்வாளர் எலிகளைக் குளிரில் வைத்தார், காயப்படுத்தினார், நஞ்சூட்டினார். எதைச் செய்தாலும் உடம்பு ஒரே மாதிரி எதிர்வினை காட்டியது: அட்ரீனல் சுரப்பி வீங்கியது, இரைப்பையில் புண் வந்தது. பிற்பாடு இதற்கு அவர் வைத்த பெயர்தான் ஸ்ட்ரெஸ். இன்னும் பிற்பாடு, தன் ஆங்கிலம் இன்னும் நன்றாக இருந்திருந்தால் ஸ்ட்ரெயின் என்றே வைத்திருப்பேன் என்றும் ஒப்புக்கொண்டார். ஆக, பாடநூல் கணக்குப்படி நியாயமாக வரவேண்டியது ‘மனத்திரிபு’. வீட்டில் போய் ‘எனக்கு மனத்திரிபு’ என்று சொல்லிப் பாருங்கள்.

‘மன உளைச்சல்’ நல்ல சொல்தான், ஆனால் அதை வழக்கு மன்றம் எடுத்துக்கொண்டுவிட்டது. உளைச்சலுக்கு இழப்பீடு கேட்பார்கள். வேருக்கு மிக நெருக்கமான ‘மன இறுக்கத்தை’ ஆட்டிசத்துக்குக் கொடுத்துவிட்டார்கள், அதுவும் பொருந்தாமல். ‘டென்ஷன்’ கோபமாகவே மாறிவிட்டது. ‘டென்ஷன் ஆகாதே’ என்றால் கத்தாதே என்று அர்த்தம்.

நான் ‘நெருக்கடி’ என்கிறேன். வேலை நெருக்கடி, பண நெருக்கடி, மன நெருக்கடி. நெருக்கு என்பதில் அந்த ஒடுக்கமும் இருக்கிறது, யாருக்கும் விளக்க வேண்டியதும் இல்லை. அரசியலில் அதற்கு வேறு பொருள் உண்டு என்பார்கள். இருக்கட்டும், ‘மன’ என்று முன்னால் போட்டால் யாரும் அவசரநிலையை நினைக்கப்போவதில்லை. மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லும் சாக்கு வேறு: ‘மன அழுத்தம்தான் சார் எல்லாருக்கும் தெரியும்.’ எதைத் தெரியும்? எந்த நோய் என்று தெரியாமல் போனதே அந்தச் சொல்லால்தானே!

துண்டறிக்கையின் பின்பக்கத்தில் பேனாவால் அடித்து ‘மனச்சோர்வு’ என்று எழுதினேன். முன்பக்கத்தைத் திருப்புவதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.