கார் ஏசியில் கம்ப்ரசரை மட்டும் மாற்றினால் போதாது

போன மாதம் பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு பெரியவர் 17 வருடம் ஓடிய தன் காரை எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தார். "தம்பி, வேற இடத்துல ஏசி கம்ப்ரசர் மாத்தி ரெண்டு மாசம்கூட ஆகல, மறுபடியும் கடகடன்னு சத்தம் வருது" என்றார். பில்லை வாங்கிப் பார்த்தேன். கம்ப்ரசர், கேஸ், கூலி என்று மூன்றே வரி. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஏசி கேஸை மெஷினில் உறிஞ்சி எடுத்துவிட்டுக் குழாயைக் கழற்றினேன். வந்த ஆயில் மை போலக் கறுப்பு. வெள்ளைத் துணியில் தொட்டு வெயிலில் காட்டியதும் அலுமினியத் துகள்கள் மின்னின. புதுக் கம்ப்ரசர் தேய்ந்த தூள் மட்டுமல்ல அது. முதல் கம்ப்ரசர் ஜாம் ஆனபோது உதிர்ந்ததும் உள்ளேயே தங்கியிருந்தது.

என்ஜினுக்கு இருப்பது போலப் பெரும்பாலான கார் கம்ப்ரசர்களுக்குத் தனி ஆயில் தொட்டி கிடையாது. கேஸோடு கலந்து சுற்றி வரும் ஆயில்தான் அதைத் தேயாமல் காக்கிறது. உதிர்ந்த தூள் முதலில் போய் அடைவது கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரில். அப்புறம் ஈரத்தை உறிஞ்சும் டிரையரில், கேஸை அளந்து விடும் எக்ஸ்பேன்ஷன் வால்வின் சின்னத் துளையில். வழி அடைத்தால் பிரஷர் ஏறும், ஆயில் திரும்பி வராது. எவ்வளவு நல்ல கம்ப்ரசரை மாட்டினாலும் வறண்டு தேய்ந்துதான் போகும்.

அதனால் கம்ப்ரசர் உள்ளுக்குள் உடைந்திருந்தால் டிரையரையும் வால்வையும் கட்டாயம் மாற்றச் சொல்லுங்கள். டிரையரை எந்தக் காரணத்துக்காகக் குழாய் திறந்தாலும் மாற்றுவதே நல்லது. அதிலுள்ள ஈரம் உறிஞ்சும் மணிகள் வெளிக்காற்று பட்டாலே நிறைந்துவிடும். பழைய மாடல் தடித்த குழாய்க் கண்டென்சரை ஃப்ளஷ் செய்து, நைட்ரஜன் விட்டு ஊதிச் சுத்தம் செய்யலாம். இப்போதைய மெல்லிய துளைக் கண்டென்சரில் சிக்கிய தூள் முழுதாக வெளியே வராது, மாற்றத்தான் வேண்டும். பெரியவருக்குச் செலவு கூடுகிறதே என்று மனசு கேட்கவில்லை. ஆனாலும் மாற்றச் சொன்னேன்.

அடுத்து வேக்யூம், அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுப்பது. குழாய்க்குள் ஈரம் தங்கினால் வால்வில் பனிக்கட்டியாகி அடைக்கும், ஆயிலையும் கெடுக்கும். குறைந்தது அரை மணி நேரம் பம்ப் ஓட வேண்டும். சென்னையிலிருந்து வேலைக்கு வரும் பையன்கள் இங்கே ஒன்றைப் பார்த்துத் திகைப்பார்கள்: அழுத்தம் காட்டும் கேஜில் முள் 29 அங்குலத்தை (பாதரச அளவில்) தொடாது, 27-க்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிடும். பம்ப் மேல் குற்றமில்லை. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், இங்கே காற்றழுத்தமே அவ்வளவுதான். பம்பை நிறுத்திய பிறகு முள் இறங்குகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இறங்கினால் எங்கோ லீக்.

கேஸை எடை போட்டு ஏற்றச் சொல்லுங்கள். அளவு பானட்டுக்கு அடியிலுள்ள ஸ்டிக்கரில் இருக்கும். குழாயைக் கையால் தொட்டுப் பார்த்து "ஜில்லுனு ஆயிடுச்சு" என்று நிறுத்துவது முறையல்ல. விலை குறைவு என்று எல்பிஜி கலந்த கேஸை யாராவது சிபாரிசு செய்தால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். காருக்குள் இருக்கும் கூலிங் காயில் கசிந்தால் நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே தீப்பிடிக்கும் கேஸ் சேரும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்து வண்டி என்றால் இன்னொரு கவனம். அவற்றில் ஆர்-12 என்ற பழைய ஏசி கேஸ் இருந்தது. ஓசோன் படலத்தைக் கெடுத்ததால் 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் வழியாக அது நிறுத்தப்பட்டது. அதன் மினரல் ஆயில் இப்போதைய ஆர்-134ஏ கேஸுடன் கலக்காது. மிச்சமுள்ள பழைய ஆயிலை எடுக்காமல் புதுக் கேஸை ஏற்றக் கூடாது.

சிவாஜிநகரில் பழைய வண்டிகளிலிருந்து கழற்றி விற்கும் கம்ப்ரசர் வாங்குபவர்கள் அதன் இரண்டு வாயும் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். திறந்தே கிடந்தது என்றால் உள்ளே ஆயில் ஈரத்தைக் குடித்திருக்கும்.

இன்னொன்று, சத்தம் வந்தாலே கம்ப்ரசர் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். ஏசி அணைத்திருக்கும்போதும் கரகரவென்று வந்தால் பெரும்பாலும் கம்ப்ரசரின் கிளட்ச் பேரிங்தான். அதை மட்டும் தனியாக மாற்றலாம்.

பெரியவரின் வண்டியில் எல்லாம் மாற்றி, கிளட்ச் தட்டைக் கையால் பத்துச் சுற்று சுற்றி, அப்புறம்தான் ஏசியைப் போட்டேன். குளிர்காலத்தில் ஏசியை மாதக்கணக்கில் தொடுவதில்லை என்றார். அப்படி விட்டால் கம்ப்ரசர் சீல் காய்ந்து கேஸ் கசியும். டிசம்பரிலும் வாரம் ஒரு முறை பத்து நிமிடம் ஓட்டுங்கள் ஐயா என்று சொல்லி அனுப்பினேன்.