சீமெந்து மூடையைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள்

போன தை மாதம் இன்னோர் அழைப்பு வந்தது. மன்னாரிலிருந்து கொஞ்சம் தள்ளி, கடற்கரையோரமாக ஒரு சின்ன மாதா கோவில். "சுவர் ஊறுது பிள்ளை, ஒருக்கா வந்து பாருங்கோ" என்றார் சபைத் தலைவர். போனேன். ஈரம் என் தோளுயரத்துக்கு ஏறியிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு முழங்காலளவுதானாம்.

"அப்ப என்ன செய்தனீங்கள்?"

"விடுவமா? பழைய சுண்ணாம்பெல்லாம் உரிச்சுப்போட்டு நல்ல சீமெந்தாப் பூசினாங்கள். ரெண்டு கோட்."

சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை. கொழும்பிலும் கனடாவிலும் இருக்கும் பிள்ளைகள் அனுப்பிய காசு. கணக்குக் கொப்பியையும் காட்டினார், ஒரு சதம் பிசகவில்லை. நான் விரல் முட்டியால் சுவரைத் தட்டினேன். வெறும் பானையைத் தட்டியது போல் சத்தம். உளியை வைத்து உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சை எடுத்தேன். பூச்சு ஒரு தட்டுப் போல முழுசாகக் கழன்று வந்தது. பின்னால் இருந்த முருகைக்கல், அதாவது கடலில் எடுத்த பவளப்பாறைக் கல், ஒடியல் மா மாதிரிக் கொட்டியது. பெரியவர் கையை நீட்டி அதை ஏந்தினார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

ஒரு வருடத்துக்குள் நான் பார்த்த நான்காவது சுவர் இது. முதலாவது ஓர் அம்மன் கோவிலின் மடப்பள்ளி. அடுத்தது ஒரு ஸியாரம், முஸ்லிம் பெரியார் ஒருவரின் அடக்கத்தலம். மூன்றாவது ஒரு பழைய பள்ளிக்கூடம். எந்த விஷயத்தில் ஒத்துப்போகாவிட்டாலும் சீமெந்து விஷயத்தில் எங்கள் ஊரில் எல்லாச் சமயமும் ஒன்றுதான். கோவிலில் திருப்பணிச் சபை, தேவாலயத்தில் பங்குச் சபை, பள்ளிவாசலில் நிர்வாக சபை. பெயர்தான் வேறு, இறங்குகிற மூடை ஒன்றே.

என் தொழில் பழைய கட்டடங்களைத் திருத்துவது. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் வேலை செய்திருக்கிறேன், ஆனால் இந்த வன்னிப் பெருநிலத்தில் என்னைத் திரும்பத் திரும்ப இழுப்பது மன்னார்தான். பாலாவிக் கரையில் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம். அதைச் சுற்றி மண்ணுக்குள் மாந்தைத் துறைமுகம். 1980களில் அங்கே அகழ்ந்தபோது சீனத்துப் பீங்கானும் அரபு நாட்டு மட்பாண்ட ஓடுகளும் வந்தன. பள்ளிமுனையில் அரபு வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பெருக்கமரம். ஒல்லாந்தர் கெடுபிடிக்கு அஞ்சி மாந்தையிலிருந்து மாதாவின் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனவர்களால் உண்டான மடு மாதா தலம். தீவின் வாசலில், போர்த்துக்கேயர் 1560இல் கட்டி, ஒல்லாந்தர் 1658இல் பிடித்து, 1696இல் திருத்திக் கட்டிய கோட்டை. அந்தக் கோட்டைக்குப் பழைய கேதீச்சரத்தின் கல்லைக் கொண்டுபோனார்கள் என்று இன்றும் ஊரில் சொல்வார்கள். ஒரு மணி நேர மோட்டார்சைக்கிள் ஓட்டத்துக்குள் இவ்வளவும். இதைப் பார்க்க வருகிறவர்கள் கோட்டை மதிலில் ஏறி ஒரு படம் எடுத்துவிட்டுத் தலைமன்னாருக்குப் போய்விடுகிறார்கள். சரி, அது அவரவர் விருப்பம்.

என் கவலை சுவர்கள். கேதீச்சரத்தின் கருங்கல் திருப்பணி முடிந்து 2022இல் கும்பாபிஷேகம் நடந்தது. அது புதுக்கல், புதுவேலை, வேறு கணக்கு. நான் சொல்வது யாரும் கணக்கில் எடுக்காத சின்னக் கட்டடங்களைப் பற்றி. வாசலில் பெயர்ப்பலகைகூட இல்லாத மடங்கள், களஞ்சியங்கள், கிணற்றடித் தொட்டிகள், இடிந்த பங்களாக்கள்.

எங்கே போனாலும் கேட்கும் வசனம் இது: "சுண்ணாம்பு பழங்காலத்துச் சாமான், சீமெந்துதான் பலம்." இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஆகவே கொஞ்சம் விலாவாரியாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போர்ட்லண்ட் சீமெந்துக்கு இங்கிலாந்தில் காப்புரிமை எடுத்தது 1824இல். மன்னார்க் கோட்டையை ஒல்லாந்தர் திருத்திக் கட்டும்போது அந்தச் சாமான் உலகத்திலேயே இல்லை. மன்னாருக்குத் தெற்கே அரிப்பு என்ற கடலோர ஊரில் பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்வையிட மாளிகை கட்டியது 1801க்கும் 1804க்கும் இடையில். அப்போதும் இல்லை. இரண்டையும் கட்டியது சுண்ணாம்பு. முந்நூறு வருடம் உப்புக்காற்றில் நின்றதைப் பலமில்லாதது என்கிறீர்கள். இரண்டு வருடத்தில் தட்டாகக் கழன்று விழுவதைப் பலம் என்கிறீர்கள். இது எந்த ஊர்க் கணக்கு?

சீமெந்து கடினம், அது உண்மை. வியாதியே அதுதான். முருகைக்கல் மென்மையான கல், உடம்பெல்லாம் துளை. மன்னாரில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. அந்தக் காலத்து அத்திவாரத்தில் ஈரம் தடுக்கும் படை எதுவும் கிடையாது. ஆகவே சுவர் தண்ணீர் குடிக்கும், எப்போதும் குடித்துக்கொண்டுதான் இருந்தது. குடித்ததைச் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே விட்டது. உப்பு வெளியே வந்து பூத்தது. பூச்சு உதிர்ந்தது. பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசினார்கள். பூச்சு உதிர்ந்ததைத்தான் நீங்கள் பழுது என்கிறீர்கள். அது பழுதில்லை, பூச்சின் வேலையே அதுதான். கல் சாகாமல் இருக்கத் தான் சாவது. அதன் மேல் சீமெந்தை அப்பினால் தண்ணீருக்குப் போக வழியில்லை. முழங்காலில் நின்ற ஈரம் தோளுக்கு ஏறும். உப்பு பூச்சுக்குப் பின்னால், கல்லுக்குள்ளேயே பூக்கும். அப்புறம் ஒடியல் மா.

"சரி, சீமெந்தைக் குறைத்துக் கலந்தால்?" என்று அடுத்த கேள்வி வரும். வேண்டாம். "வோட்டர் புறூப் பெயின்ட்?" அது இன்னும் மோசம், மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வெயிலில் ஓடுவது போல. "கம்பி வைத்துக் கொங்கிறீட் பட்டி கட்டினால் சுவருக்குப் பிடிமானம்தானே?" உப்பேறிய முருகைக்கல்லுக்குள் கம்பியை வைத்தால் அது துருப்பிடித்துப் பருத்துச் சுவரை உள்ளிருந்து பிளக்கும். நான் கழற்றிய லிண்டல்களில், அதாவது கதவு யன்னலுக்கு மேல் வைக்கும் விட்டங்களில், கம்பி இருந்த இடத்தில் பல தடவை செம்மண் நிறத் தூள்தான் இருந்தது.

சுண்ணாம்புக்கு முட்டை வெள்ளைக்கரு போட்டார்களாமே என்று கேட்பவர்களும் உண்டு. பனங்கட்டித் தண்ணீர், கடுக்காய் ஊறல் எல்லாம் பாவித்தார்கள்தான், பலனும் உண்டு. ஆனால் இரகசியம் முட்டையில் இல்லை, காலத்தில் இருக்கிறது. நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்குள் மூடி மூன்று மாதமாவது புளிக்க விடவேண்டும். எனக்கு இந்த வேலையைக் காட்டித் தந்த மேசன் அப்பு கரண்டியால் அதைக் கிள்ளிப் பார்ப்பார். கட்டித் தயிர் போல வழுக்கி விழுந்தால்தான் வேலைக்கு எடுப்பார். இல்லாவிட்டால், "இன்னும் பிஞ்சு" என்று மூடிவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவார். திருவிழாவுக்கு முந்தின கிழமை வேலை முடிய வேண்டும் என்று நிற்கும் சபைகளுக்கு இந்த "இன்னும் பிஞ்சு" புரிவதேயில்லை. சுண்ணாம்பு எப்படி இறுகுகிறது என்பதெல்லாம் சாதாரண தர விஞ்ஞானப் புத்தகத்திலேயே இருக்கிறது, நான் திரும்பச் சொல்லவில்லை.

பள்ளிவாசல் விஷயத்தில் நான் குரலை உயர்த்துவதில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து உடுத்த துணியோடு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சனம். போர் முடிந்து திரும்பி வந்தபோது கூரை இல்லை, சுவருக்குள் மரம் முளைத்திருந்தது. அவர்களிடம் போய்ப் பழைய சுவரைப் பாதுகாருங்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது? பெரிதாக, புதிதாகக் கட்டத்தான் மனம் வரும். ஆனாலும் ஒரு கெஞ்சல். புதிய பள்ளியைப் பக்கத்தில் கட்டுங்கள். தொழுகைத் திசை காட்டும் பழைய மிஹ்ராப் சுவர் ஒன்றையாவது விட்டு வையுங்கள். இந்தத் தலைமுறைக்கு முன்பே நாங்கள் இங்கே இருந்தோம் என்பதற்கு அதைவிடப் பெரிய உறுதிப்பத்திரம் கிடைக்காது.

அரிப்பு மாளிகையை ஊரில் அல்லிராணி கோட்டை என்பார்கள். நோர்த் கட்டியது என்று சொன்னால் சிலருக்குக் கோபம்கூட வரும். கதையை நான் பறிக்க வரவில்லை. ஆனால் அங்கே போனால் பூச்சு மிஞ்சியிருக்கும் இடத்தில் கன்னத்தை வைத்தாற்போல நெருங்கிப் பாருங்கள். முத்துச்சிப்பி ஓட்டைச் சுட்டெடுத்த சுண்ணாம்பு, பளிங்கு போல மினுங்கும்படி தேய்த்தது. முத்துக்குளிப்புக் காலத்தில் இந்திய, இலங்கைக் கரை இரண்டிலிருந்தும் இந்து, முஸ்லிம், கத்தோலிக்கச் சுழியோடிகள் ஒரே பாரில், அதாவது ஒரே கடலடி முத்துப் படுகையில், முங்கி எடுத்த சிப்பி. முத்து எங்கெங்கோ போனது. ஓடு சுவரில் நிற்கிறது. அந்தச் சுவரும் கடலரிப்பில் துண்டு துண்டாகக் கீழே போய்க்கொண்டிருக்கிறது.

ஆகவே பார்க்கப் போகிறவர்களுக்கு: அரிப்பில் கடற்பக்க விளிம்பில் நிற்காதீர்கள், அடியில் மண் இல்லை. தூண் மேல் ஏறாதீர்கள். செல்ஃபிக்காக ஒரு செங்கல்லில் சாய்ந்தாலே போதும், கல்லும் நீங்களும் சேர்ந்து போவீர்கள். காடு மூடிய சிதைவுகளைத் தேடிப் போகிறவர்கள் ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கண்ணிவெடி எச்சரிக்கும் மண்டையோட்டுப் பலகை தெரிந்தால் திரும்பிவிடுங்கள், பலகை இல்லாவிட்டாலும் நடைபாதையை விட்டு இறங்காதீர்கள். இது வன்னி. மாந்தைப் பக்கம் மழைக்குப் பிறகு ஓட்டுத்துண்டு பொறுக்குவது பொழுதுபோக்கு இல்லை. கிடந்த இடத்தை விட்டு எடுத்தால் அது வெறும் ஓடு. புதையல் தோண்டுகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் சொல்லும்.

சபைக்காரருக்கு: கை வைக்கமுன் படம் எடுங்கள். ஒவ்வொரு சுவரையும், அளவு நாடாவை அருகில் பிடித்து. தொல்பொருள் திணைக்களத்தில் கேளுங்கள், பதில் தாமதமாகும், அதற்காகக் கேட்காமல் விடாதீர்கள். உங்கள் சுவர் சுண்ணாம்பா என்று பார்க்க ஓர் ஆணியால் கீறினால் போதும், சுண்ணாம்பு வழிவிடும், சீமெந்து கீச்சிடும். தேசிக்காய்ப் புளி விட்டால் நுரைக்கும் என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. சீமெந்துப் பூச்சும் நுரைக்கும், தேசிக்காயை வீணாக்காதீர்கள். கடல் மணலும் உவர்க் கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம், பவுசரில் நல்ல தண்ணீர் எடுப்பியுங்கள். சுண்ணாம்பு நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள், கண்ணாடி போடாத மேசனுக்கு அன்றைக்குச் சம்பளம் இல்லை என்று சொல்லுங்கள். மாசி, பங்குனியில் பூசுங்கள். சோளகம் என்னும் தென்மேல் காற்றுப் பிடித்தபின் பூசினால் காற்று ஈரத்தை ஒரே நாளில் உறிஞ்சிவிடும், சுவரெல்லாம் நுணுக்கமாக வெடிக்கும். ஈரச் சாக்குத் தொங்கவிடச் சொன்னால் தொங்கவிடுங்கள், பார்க்க அசிங்கம் என்று கழற்றாதீர்கள்! முருகைக்கல் தேவைப்பட்டால் இடிந்து கிடப்பதைச் சேர்த்துப் பாவியுங்கள், கடலில் உடைப்பது குற்றம்.

வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. மாபிளும் மின்விளக்கும் கண்ணுக்குத் தெரியும், பெயர்ப்பலகையும் வைக்கலாம். சுண்ணாம்புக் குழி தோண்டக் காசு கேட்டால் ஏன் எல்லோரும் தயங்குகிறீர்கள்?

அந்த மாதா கோவிலில் சீமெந்து முழுவதையும் உரித்துவிட்டோம். பெரியவருக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. ஒவ்வொரு தட்டு விழும்போதும் கணக்குக் கொப்பியைப் பார்த்தார். சுவரை ஒரு வருடம் வெறுமனே விடச் சொன்னேன். "சனம் என்ன சொல்லும் பிள்ளை, கோவில் அம்மணமா நிக்குது எண்டு" என்றார். ஈரம் நின்ற உயரத்தில் ஒரு கரிக்கோடு போட்டுத் திகதி எழுதிவிட்டு வந்தேன்.

போன கிழமை திரும்பப் போனேன். என் கோட்டுக்குக் கீழே, அவருடைய கையெழுத்தில், இன்னும் மூன்று கோடுகள். ஒவ்வொன்றும் முந்தினதைவிட நாலு விரல் இறங்கியிருந்தது.