தங்கம் அரிக்கும் ஆறுகளில் பாதரசம்: மினமாட்டா உடன்படிக்கை யாருக்கு என்ன கடமை வைக்கிறது?

பெரு நாட்டில் அமேசான் காடுகள் நிறைந்த மாத்ரே தே தியோஸ் பகுதியில் 2016 மே மாதம் அரசு அவசரநிலை அறிவித்தது. ஆற்று மீனிலும் அதை உண்ட மக்களின் உடம்பிலும் பாதரசம் ஏறியிருந்ததே காரணம்.

அங்கே சிறு சுரங்கக்காரர்கள் ஆற்று மணலோடு பாதரசத்தைக் கலக்கிறார்கள். அது தங்கத் துகள்களைப் பிடித்துக்கொண்டு உருண்டையாகத் திரளும். உருண்டையைச் சுட்டால் பாதரசம் ஆவியாகித் தங்கம் மிஞ்சும். அந்த ஆவி மண்ணிலும் நீரிலும் போய் இறங்குகிறது, கழுவி ஊற்றியது ஆற்றில் கலக்கிறது. சேற்றிலுள்ள நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசம் என்ற, உடம்பில் தங்கிவிடும் நச்சாக மாற்ற, சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்குப் போகப் போக அளவு பல மடங்கு ஏறுகிறது. கர்ப்பிணி அந்த மீனைச் சாப்பிட்டால் கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம். 2015இல் மனிதர்களால் காற்றில் கலந்த பாதரசத்தில் சுமார் 38 விழுக்காடு, அதாவது 838 டன், இந்தச் சிறு தங்கச் சுரங்கங்களிலிருந்து வந்தது.

இதற்கான உலகளாவிய சட்டம்தான் மினமாட்டா உடன்படிக்கை. 2013இல் ஜப்பானின் குமமோட்டோவில் ஏற்கப்பட்டு, 2017 ஆகஸ்ட் 16 முதல் நடப்பில் இருக்கிறது. பெரு 2016இலும் இந்தியா 2018இலும் சேர்ந்தன.

சிறு தங்கச் சுரங்கம் பற்றிப் பேசுவது 7ஆவது பிரிவு. இந்தத் தொழில் கணிசமாக நடக்கும் நாடு அதை உடன்படிக்கைச் செயலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பிறகு தேசியச் செயல்திட்டம் தயாரித்துக் கொடுக்க வேண்டும், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை முன்னேற்றத்தையும் சொல்ல வேண்டும். நான்கு பழக்கங்களை ஒழிக்கும் வழி அந்தத் திட்டத்தில் கட்டாயம் இருக்க வேண்டும்: தாது முழுவதிலும் பாதரசத்தைக் கொட்டுவது, ஆவியைப் பிடிக்காமல் திறந்தவெளியில் சுடுவது, குடியிருப்புப் பகுதியில் சுடுவது, மிச்சத் தங்கத்தை எடுக்க, பாதரசம் கலந்த கசடை அப்படியே சயனைடில் ஊறவைப்பது. கடைசியாகச் சொன்னது மிக மோசமானது. சயனைடு பாதரசத்தைக் கரைத்து நீரோடு வெகுதூரம் கொண்டுபோய்விடும். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் எப்படிக் காப்பது, உரிமம் இல்லாத சுரங்கக்காரர்களைச் சட்டத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதையும் திட்டம் சொல்லியாக வேண்டும்.

சரி, தங்கம் எடுக்கப் பாதரசமே கூடாது என்று தடை இருக்கிறதா? இல்லை. "குறைக்க வேண்டும், முடிந்தால் ஒழிக்க வேண்டும்" என்பதுதான் 7ஆவது பிரிவின் சாரம். பாதரசச் சுரங்கத்தில் எடுத்ததைத் தங்கத் தொழிலுக்குக் கொடுக்கக் கூடாது. ஆனால் வேறு சில வழிகளில் கிடைத்ததை, வாங்கும் நாடு எழுத்தில் சம்மதித்தால், அனுப்பலாம். என் பார்வையில் உடன்படிக்கையின் பெரிய ஓட்டை இதுதான். ஒரு பக்கம் வாசல் திறந்திருக்கும்போது கடத்தலைத் தடுப்பது கடினம்.

அப்புறம், ஏற்கெனவே கெட்டுப்போன மண்ணும் ஆற்றுப்படுகையும். 12ஆவது பிரிவு அத்தகைய இடங்களைக் கண்டறிய முயல வேண்டும் என்கிறது. சுத்தம் செய்தே தீர வேண்டும் என்று கெடு வைக்கவில்லை, பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடும் பேசவில்லை. அதை அந்தந்த நாட்டுச் சட்டத்தில்தான் தேட வேண்டும்.

நாடுகள் கொடுத்த செயல்திட்டங்களை உடன்படிக்கையின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். ஆற்றங்கரை மக்களோ அவர்களுக்காகப் பேசுகிறவர்களோ அதில் முதலில் பார்க்க வேண்டியது, அந்த நான்கு பழக்கங்களையும் ஒழிக்க எந்த ஆண்டு குறிக்கப்பட்டிருக்கிறது என்பதை.